கோயில் மணியின் நாக்கு

15 ஜூன் 1928, வெள்ளி. தெரணியகலை.

இவ்வளவு நேரங்கழித்து எழுதுவதற்கு இந்த நோட்டுதான் என்னை மன்னிக்க வேண்டும். பிள்ளை இப்போதுதான் தூங்கினான்.

காலையில் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை இரண்டு ஆட்களோடு எங்கள் மாதா கோயிலுக்கு வந்தார். மழையில் தப்பு மேளச் சத்தம் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குக் கேட்பதில்லையாம். விடியற்காலைப் பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் எண்ணிப் பிரிக்கும் இடத்துக்கு, ஆள் கூப்பிடக் கோயில் மணியைத் தோட்டத்துத் துரை கேட்டாராம். இந்தத் தோட்டத்துக்கு முதலில் வந்த சனங்கள் மன்னாரிலிருந்து கம்பளியில் சுற்றி, நடந்தே சுமந்து வந்த மணி அது. ஞானஸ்நானம் பெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று முறை அடிப்போம். ஞாயிறன்று என் மகனுக்கு.

"மணி மணிதானேங்க, உபதேசியாரம்மா. எங்க தொங்குனா என்ன?"

"தங்கமும் தங்கந்தான். உங்க வீட்டம்மா தாலியக் கழட்டிக் குடுப்பாங்களா?"

ஆட்கள் சிரித்துவிட்டார்கள்.

"காலேஜுப் படிப்பு வாயில தெரியுது. நாளைக்குத் துரையோட வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கணக்கப்பிள்ளை போனார்.

உடனே ஏணி வைத்து ஏறி, மணியின் நாக்கைக் கழற்றினேன். இப்போது அது பிள்ளையின் பாய்க்கடியில் இருக்கிறது. கோயிலுக்கு உபதேசியாராகவும் இருக்கும் என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. தோட்டத்துப் பள்ளியில் இவருடைய வாத்தியார் வேலை போனால் தோட்டத்து வீடும் போகும். கைக்குழந்தையோடு எங்கே... போகட்டும். நாக்கில்லாத மணியை வேண்டுமானால் கொண்டுபோகட்டும்.

பங்குச் சுவாமிக்குக் காலைத் தபாலில் போட எழுதியது இவ்வளவுதான்: "மணி கோயிலுடையது என்று துரைக்கு நீங்கள் எழுத வேண்டும், சுவாமி. எனக்கும் சீக்கிரம் பதில் போடுங்கள்."