யூரிகோ அக்கா தமிழ் பேச வேண்டாம்

வாலிநோக்கம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அசாருதீனுக்கு,

வினோத்குமார் எழுதுகிறேன். நலம் என்று எழுதக் கை தானாக வருகிறது, அப்படியே இருக்கட்டும். போன வாரம் கீழக்கரையில் உன் அம்மாவைப் பார்த்தேன். மூட்டுவலி பரவாயில்லையாம். தேங்காய்ப்பால் ஊற்றிக் கிண்டிய தொதல் கொடுத்துவிட்டார். மகள் நேயா தின்றாள்.

மழையால் உப்பளத்தில் வேலை இல்லை. மோட்டார்களைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறேன். சயாகா காய்ச்சலில் போனதிலிருந்து எனக்கு அழுகையே வரவில்லை. பசித்தால் சாப்பிடுகிறேன். பெண்டாட்டி செத்தவன் இப்படியா இருப்பான் என்று ஊர் பார்க்கிறது.

எங்கள் வீட்டு ஏற்பாடு உனக்குத் தெரியும். பிள்ளையிடம் நான் தமிழ் மட்டும், அவள் ஜப்பானிய மொழி மட்டும். நேயா தமிழில் தண்ணீர் கேட்டால், சயாகா காதில் விழாதவள் மாதிரி அரிசி களைந்துகொண்டிருப்பாள். பாவம், கொடுத்துத் தொலையேன் என்று நான்தான் கத்துவேன். அந்தப் பிடிவாதத்தில்தான் ஆறு வயதிலேயே பிள்ளைக்கு இரண்டும் சரளமாக வந்தது.

சயாகா போனபின் அவள் மொழி விட்டுப்போய்விடக் கூடாதே என்று ஒரு காலையில் நேயாவை நான் ஜப்பானிய மொழியில் எழுப்பினேன். என் வாயைப் பொத்திவிட்டாள். நீங்க பேசாதீங்கப்பா, அது அம்மாவோடது என்றாள். அதோடு விட்டுவிட்டேன்.

மிச்சமிருந்தது ஜப்பானில் நீ இருக்கும் ஊரிலிருந்து சயாகாவின் அக்கா யூரிகோ சனிக்கிழமைதோறும் செய்யும் போன்தான். நேயா ஒரு வார்த்தை பதில் சொல்லமாட்டாள். ஆனால் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கடைசிவரை கேட்பாள். பிள்ளைக்கு மொழி மறந்துவிட்டதென்று அவர் நினைத்துக்கொண்டார் போல. நேற்று, ஏத்தா நேயா, என்ன சாப்புட்ட, நல்லா இருக்கியா என்று கேட்டார். அச்சு அசல் கீழக்கரைப் பேச்சு. நீ சொல்லிக்கொடுத்ததுதானே? எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. நேயா போனைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். இன்று போனை நீட்டினாலே முகத்தைத் திருப்புகிறாள்.

உன்மேல் கோபமில்லை. இரண்டு பேரும் நல்ல மனதோடுதான் செய்தீர்கள். ஆனால் யூரிகோ அக்காவுக்கு அப்படியே சயாகாவின் குரல். அந்தக் குரலில் தமிழ் வந்தால் பிள்ளைக்கு அது யாரோ ஒருத்தியின் குரலாகிவிடுகிறது.

அவர் மனம் நோகாமல் நீ பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும், உனக்குப் புண்ணியமாகப் போகும். தமிழ் வேண்டாம். மீன் வாங்கியது, பக்கத்து வீட்டு நாய் என்று எதையாவது தன் மொழியிலேயே பேசிக்கொண்டிருக்கட்டும். பிள்ளை எழுந்து போனாலும் போனை வைத்துவிட வேண்டாம். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன்,
வினோத்குமார்