ஒரு வாய் படையல் சோறு

மாமா,

வடிகட்டின கஞ்சி பிளாஸ்க்ல இருக்கு, உறிஞ்சிக் குடிங்க. பத்து மணிக்கு என் தம்பி வைரவன் டாக்சியோட வருவான், ஆஸ்பத்திரிக்குப் போங்க. நான் வேலை பார்க்கிற தாங்ளின் துரை வீட்டில எனக்கு லீவு தரல.

உடைஞ்ச தாடை சேர மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் மறுபடி கம்பியால கட்டியும், தாடை வீங்கிச் சீழ் வச்சிருச்சு. மஞ்சப் பத்துப் போட்டும் வாடை போகல. எனக்கு வேற ஒண்ணும் செய்யத் தெரியல மாமா.

அத்தை திதியன்னைக்கு, "பெத்தவ படையல்ல ஒரு வாயாவது சாப்பிடுங்க"ன்னு அழுது, முதல் கம்பியை உங்களை நறுக்க வச்சது நான். டாக்டர் கேட்டப்ப, பசி தாங்காம நறுக்கினதா எழுதிக் காட்டினீங்க. நான் பக்கத்தில பேசாம நின்னேன்.

செல்லம்

கம்பி வெட்டுற கத்திரியைப் பையில வச்சுக்கங்க, வாந்தி வந்தா மூச்சடைக்காம உடனே கம்பியை வெட்ட வேணும்.

இந்தச் சீட்டையும் வச்சுக்கங்க. வைரவன் டாக்டருக்குப் படிச்சுச் சொல்லட்டும். அவர் உங்களை ஏசினது போதும்.