அம்மன் முதுகில் இருந்த காகிதம்

அன்புள்ள அப்பாவுக்கு, சூலான் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் மூட்டுவலி தணிந்திருக்கிறதா? நான் நலம்.

இன்று எழுந்ததும் சோப்புப் போட்டு மூன்று முறை கை கழுவினேன். நகக்கண்ணில் பன்றிச் சாணத்தின் நாற்றம் இன்னும் போகவில்லை. பயப்படாதீர்கள், பன்றி மேய்க்கப் போகவில்லை. சாங்ஷா நகரத்தில் அதே சிலைக்கடையில்தான் இருக்கிறேன். புதிதாகச் செதுக்கிய மர அம்மன்களை முதலாளி குவாங் சாணத்தில் புதைத்துப் பழசாக்குகிறார். நேற்று அவற்றைத் துடைத்தது நான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பிறகு அவர் உண்மையிலேயே பழைய கண்ணொளி அம்மன் ஒன்றின் முதுகுப் பலகையை நெம்பி, உள்ளே இருந்த வேண்டுதல் காகிதத்தை எடுத்தார். ஏழு வயது மகளுக்குப் பார்வை வரவேண்டும் என்று லியூ என்ற தம்பதி நூறு வருடத்துக்கு முன் எழுதி வைத்தது. அதைக் கொண்டுபோய்ச் சாண அம்மனுக்குள் திணித்தார்.

"பழசு விரிசல் விட்டுப்போச்சு, எவனும் வாங்கமாட்டான். நீதான் காலேஜ் படிச்சவளாச்சே, இதுதான் அசல்னு சான்றிதழ் எழுதிக் கையெழுத்துப் போடு."

"அண்ணே, அது ஒரு பிள்ளையோட கண்ணு."

"அந்தப் பிள்ளை செத்து எத்தனை காலமாச்சோ. மூக்கைச் சுளிக்காம எழுதும்மா."

எழுதினேன் அப்பா. சாணத்தைவிட என் கையெழுத்துதான் குமட்டியது.

நீங்கள் போடும் மிளகாய் ஊறுகாய் ஒரு புட்டி அனுப்புங்கள். தனியாக உட்கார்ந்தால் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

கடைக்கு நேரமாகிவிட்டது. அந்தச் சாண அம்மனை வாங்குபவர் பத்து மணிக்கு வருகிறார். சான்றிதழ் பொய், எழுதியது நான்தான் என்று அவரிடம் சொல்லப்போகிறேன். அதன்பின் இந்த ஊரில் எந்தச் சிலைக்கடையும் என்னைச் சேர்க்காது. உங்களைத் தவிர யாரிடமும் இதை இன்னும் சொல்லவில்லை.