நூரான் அக்கா, எலிஃபுக்குச் சொல்லிப்போட்டன்

என் பாசமுள்ள நூரான் அக்காவுக்கு,

நீங்கள் கோபிக்கப் போகிறீர்கள் என்று தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். உங்களுக்குத் தமிழ் தெரியாது, பரவாயில்லை. ஆஸ்பத்திரிச் சமையலறையில் பதினான்கு வருஷம் நாங்கள் இருவரும் கதைத்த அந்த உடைந்த ஜெர்மனில் இதை எழுதினால் எனக்கே சிரிப்பு வந்துவிடும். விஷயம் இதுதான். ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று நீங்கள் என்னிடம் வாங்கிய சத்தியத்தை உடைத்துவிட்டேன். அதுவும் உங்கள் மகள் எலிஃபிடமே.

கொஞ்சம் பொறுங்கோ, இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டுமே. ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் ஆஸ்பத்திரியில் எங்களுக்கு நோயாளிகளின் சாப்பாட்டுத் தட்டு நிரப்புகிற வேலை. தட்டுகள் ஓடுகிற பட்டியில் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து வரும். ஒவ்வொன்றிலும் ஒரு அட்டை இருக்கும்: இவருக்கு உப்பில்லாமல், அவருக்குச் சீனியில்லாமல், இன்னொருவருக்கு அரைத்த சாப்பாடு. நான் சேர்ந்த முதல் கிழமையே என்னைப் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டீர்கள். "வசந்தி, நீ சத்தமா வாசி, நான் வைக்கிறன்." நான் வாசித்தேன், உங்கள் கை பறந்தது. அக்காவுக்கு ஜெர்மன் வாசிக்கத் தெரியாதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் இடைவேளையில் நீங்கள் விரிக்கிற துருக்கிப் பேப்பரும் அரை மணித்தியாலம் ஒரே பக்கத்தில்தான் நிற்கும். "என்ன அக்கா, பாடமாக்கிறீங்களோ?" என்று ஒருநாள் நக்கலடித்தேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழும்பிப் போனீர்கள். எனக்கு அப்போது என்ன தெரியும்?

பிறகு துருக்கிக் கடைக் கண்ணாடியில் அந்த அறிவித்தல் வந்தது. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற துருக்கிப் பெண் ஒருத்தி, வாசிக்கக் கஷ்டப்படுகிற பெரியவர்களைத் தேடினாள். வீட்டில் பல் டொக்டரிடம் போவதாகப் பொய் சொல்லிவிட்டு, என்னைத் துணைக்குக் கூட்டிப் போனீர்கள். முதலில் வழக்கமான சொற்கள், பிறகு வால் நீண்ட சொற்கள், கடைசியில் அர்த்தமே இல்லாமல் செய்து வைத்த சொற்கள். வியர்த்து வழிய எல்லாவற்றையும் துருக்கி மொழியில் வாசித்து முடித்தீர்கள். ஒரு பிழையும் இல்லை என்றாள் அந்தப் பெண். "பாத்தீங்களே அக்கா, உங்களுக்கு ஒண்டுமில்லை!" என்று நான் கைதட்டினேன்.

அவள் கைதட்டவில்லை. துருக்கி மொழியை எழுதியிருக்கிறபடியே உச்சரிக்கலாம். அதனால் டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புச் சிக்கல் இருப்பவர்கள்கூட வளர்ந்தபின் பெரும்பாலும் பிழையில்லாமல் வாசித்துவிடுவார்கள். ஆனால் நேரம் எடுக்கும், சிரமம் அந்த நேரத்தில்தான் தெரியும், உங்களுக்கும் அதுதான் என்று ஆறுதலாக விளக்கினாள். அப்படித்தான் அக்கா, நீங்கள் ஒருவர் கண்ணிலும் படாமல் போனீர்கள். ஜெர்மன் பள்ளிக்கூடத்தில் வேற்றுமொழிக்காரி என்றார்கள். வீட்டில் சோம்பேறி, மூளையில்லாத மொக்கு என்றார்கள்.

"அப்ப நான் மொக்கு இல்லை, என்ன? வசந்தி, நான் மொக்கு இல்லை!" ட்ராமில் எல்லோரும் பார்க்க அழுதுகொண்டே சிரித்தீர்கள். உங்களை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. இறங்குகிற இடம் வந்ததும் என் கையை இறுக்கிப் பிடித்தீர்கள். "ஒருத்தருக்கும் சொல்லாதை. எலிஃபுக்கும் சொல்லாதை. நாளைக்குக் கலியாணம் பேசேக்கை குடும்பத்திலை குறை இருக்கெண்டு கதைப்பினம்." சரி என்று சத்தியம் செய்தேன். நீங்கள் கண்மூடி இரண்டு வருஷமாகியும் காப்பாற்றித்தான் வந்தேன்.

எலிஃப் தாதி வேலைக்கு அவுஸ்பில்டுங், அதுதான் தொழிற்பயிற்சி, செய்கிறாள், தெரியும்தானே. போன வருஷம் எழுத்துப் பரீட்சையில் பாதித் தாளைத் தொட முன்னரே நேரம் முடிந்துவிட்டது. இன்னும் ஒரேயொரு தரம்தான் எழுதலாம். அதிலும் கோட்டைவிட்டால் மூன்று வருஷப் பாடும் வீண். என் வீட்டுக் குசினியில் வந்து இருந்துகொண்டு சொன்னாள்: "விடப்போறன், தெய்சே." தெய்சே என்றால் எங்கள் சின்னம்மாதான், எனக்கு அவள் வைத்த முறை. "எனக்கு மண்டையிலை ஒண்டுமில்லை. அம்மாவும் அதைத்தானே சொன்னவ."

அக்கா, உண்மையா? அவள் பக்கத்தில் நின்று "கெதியா வாசி, கெதியா வாசி" என்று கத்துவீர்களாமே? பயத்தில் கத்தினீர்கள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும்?

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. பல் டொக்டர் பொய்யிலிருந்து ட்ராம் வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "தெரிஞ்சுகொண்டோ என்னை ஏசினவ?" என்று கேட்டாள். ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒன்பது நாள் போன் இல்லை. உங்களையும் ஏசினேன், என்னையும் ஏசினேன். ஆனால் சொன்னது பிழை என்று மட்டும் ஒருநாளும் நினைக்கவில்லை.

பத்தாம் நாள் கதவடியில் நின்றாள். "என்னைச் சோதிக்கிறதுக்கு எங்கை தெர்மின் எடுக்கிறது, தெய்சே?"

சோதித்தார்கள், துருக்கியிலும் ஜெர்மனிலும். உங்கள் மகள்தான், சந்தேகமேயில்லை. பரீட்சைக்குக் கூடுதல் நேரம் கேட்டு அன்ட்ராக் என்கிற விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. வழக்கம்போல "தா, நான் நிரப்புறன்" என்று பேனையை எடுத்தேன். பறித்துவிட்டாள். காரணம் எழுதுகிற இடத்தில் ஒவ்வொரு சொல்லாகத் தானே எழுதினாள். முடித்துவிட்டு எனக்கு வாசித்தும் காட்டினாள்: "என் அம்மா நூரானுக்கும் இது இருந்தது. அவர் ஒரு பிழையும் விடாமல் வாசித்தார். அவருக்கு யாரும் நேரம் கொடுக்கவில்லை. எனக்குக் கொடுங்கள்."

கொடுத்தார்கள், அக்கா. இந்தமுறை கடைசிக் கேள்வி வரைக்கும் எழுதினாள். போன கிழமை முடிவு வந்தது. உங்கள் பிள்ளை பாஸ்.

இப்போது நான் தருகிற வாக்கு வேறு. பட்டிக்கு யார் புதிதாக வந்து "நீ வாசி, நான் வைக்கிறன்" என்று சொன்னாலும், இடைவேளையில் கூட்டிக்கொண்டு போய் உங்கள் கதையைப் பேரோடு சொல்லுவேன். அதற்காக நீங்கள் என்னை ஏச வேண்டுமென்றால், நான் அங்கு வந்து சேர்ந்தபிறகு ஏசுங்கோ. ஆறுதலாக ஏசுங்கோ, அக்கா. அங்கே ஒருவரும் உங்களை அவசரப்படுத்த மாட்டார்கள்.

எலிஃபின் தெய்சே,
உங்கள் கூடப்பிறக்காத தங்கச்சி
வசந்தி