மார்க்கண்டு என்ற பெயரைக் கீறுதல்

2025 பெப்ரவரி 3, திங்கள்

கொக்குவிலுக்குப் போய்ப் பெயர் பதிந்தேன். கிராபிக் டிசைன் வகுப்பு, ஆறு மாதம். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் மேல்மாடி. படிப்பிப்பவள் தனுசியா, முப்பது வயதிருக்கும். கொம்பியூட்டரைத் தொட முன்னர் கையால் எழுத்துக் கீறிப் பழகவேண்டுமாம். மார்ச் முதலாம் திகதி சோதனை. விரும்பிய ஒரு சொல்லைப் பெரிதாகக் கீறிக் காட்டவேண்டும். திறமாகக் கீறுபவர்களுக்குத்தான் இடம்.

எழுபத்திரண்டு வயது என்றதும் சிரித்தாள். "அம்மா, உங்களுக்குச் சோதனை தேவையில்லை. வகுப்புத் தொடங்க வந்து இருங்கோ." பஸ்ஸில் எழும்பி இடம் விடுகிறவர்களின் முகம்.

சோதனைக்கு வருவேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

பெப்ரவரி 5, புதன்

மச்சாள் ஞானாம்பிகை, என் கணவரின் தமக்கை, பக்கத்து வளவிலிருந்து வந்து விசாரித்தார். "இந்த வயசிலை உமக்கு உது என்னத்துக்கு மச்சாள்?"

அவருக்குத் தெரியாததா? போன வருடம் இவருடைய ஆண்டு நினைவுக்குச் சந்தியில் பனர் கட்டினோம். இவரை ஒரு நீர்வீழ்ச்சிக்கு முன்னால் நிறுத்தியிருந்தார்கள். இவர் தன் வாழ்நாளில் நீர்வீழ்ச்சி பார்த்ததில்லை. குளிக்கக் கிணற்றடிக்கே கலைத்துத்தான் அனுப்பவேண்டும். இரண்டு புறா. பெயர் மஞ்சளில், நிழலோடு, புடவைக்கடை விளம்பரம் போல. எழுத்தை மாற்றச் சொன்னேன். உள்ளதுக்குள் இதுதான் திறம் என்றார் கடைக்காரர். மாரி மழைக்கும் அது கிழியவில்லை.

அடுத்ததை நானே செய்வேன். கையோடு எனக்குரியதையும் செய்து வைத்துவிடலாம். இதை மச்சாளுக்குச் சொல்லவில்லை.

பெப்ரவரி 11, செவ்வாய்

நாலு கோட்டுக் கொப்பி வாங்கினேன். கொன்வென்றில் சிஸ்ரர் பெர்னதெத் பழக்கியபடி செய்கிறேன்: முதுகு நேர், பென்சில் கூர், கோட்டை மீறினால் பக்கம் கிழியும். எழுத்துக்கு ஒரு பெட்டி, எல்லாப் பெட்டியும் ஒரே அளவு. கீறுகிற சொல் இவருடைய பெயர்.

மச்சாள் கண்டுவிட்டார். "கலியாணம் முடிச்ச நாளிலை இருந்து என்ரை தம்பியின்ரை பேரை ஒருநாளும் வாயாலை சொன்னதில்லை. இப்ப சுவரெல்லாம் ஒட்டி வைச்சிருக்கிறீர்."

சொல்லவில்லை, கீறினேன் என்றேன்.

பெப்ரவரி 12, புதன்

ரொறன்ரோவில் இருக்கிற மகன் வாகீசனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். கைகூப்பும் பொம்மை ஒன்று வந்தது. பிழை சொல்லப் பயப்படுகிறான், அல்லது பார்க்கவில்லை.

பெப்ரவரி 19, புதன்

கொக்குவிலில், சோதனைக்கு முந்திப் பயிற்சித் தாள்களைக் காட்டும் நாள். பக்கத்து வாங்கில் குருநகர்ப் பிள்ளை ஒருத்தி, ஷெரோன். 'கடல்' என்று கீறியிருந்தாள். தனுசியா அந்தத் தாளைத் தலைகீழாகப் பிடித்து, சொல்லை விட்டு வடிவத்தை மட்டும் பார்த்து, ல் ஒரு பக்கம் சரிகிறது, திரும்பக் கீறு என்றாள். பிறகு என்னுடையதைப் பார்த்தாள். "வடிவாயிருக்கு அம்மா." தலைகீழாகப் பிடிக்கக்கூட இல்லை.

ஷெரோனுடையது என்னுடையதைவிடத் திறம். எனக்குக் கண் தெரியும்.

எனக்கேன் ஒண்டும் சொல்லேல்லை? நான் என்ன பரிசளிப்பு விழாவுக்கு வந்த ஆளே? பொன்னாடை போத்தி அனுப்பினாலும் அனுப்புவாள் — போத்தட்டும், பாப்பம்.

பெப்ரவரி 20, வியாழன்

கோபம். ஒன்றும் கீறவில்லை.

பெப்ரவரி 24, திங்கள்

பஸ் தரிப்பில் ஷெரோனைப் பிடித்தேன். என் எழுத்தில் என்ன பிழை, மறைக்காமல் சொல் என்றேன். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

"கோவிக்கமாட்டியளே அன்ரி?"

"கோவிப்பன். சொல்லு."

"எல்லாம் அசெம்பிளியிலை நிக்கிற மாதிரி நிக்குது. ர் எவ்வளவு அகலமோ ண் அவ்வளவு அகலம். ண் பாவம், மூச்செடுக்க ஏலாமல் நிக்குது. டு வின்ரை காலையும் வெட்டிப்போட்டியள்."

"வெட்டேல்லை. கோடு முடிஞ்சுது."

"ஆர் உங்களைக் கோடு போடச் சொன்னது?"

சிஸ்ரர் பெர்னதெத் இருந்திருந்தால் எங்கள் இரண்டு பேரையும் முழங்காலில் விட்டிருப்பார். ஆனால் பிள்ளை சொன்னது சரி. அது இங்கிலீஸ் எழுதப் பழகிய கொப்பி. தமிழை அதற்குள் அடைத்தது நான்.

பெப்ரவரி 27, வியாழன்

வெள்ளைத் தாள், கோடில்லை. கை கோணுகிறது. ண் கேட்ட இடத்தைக் கொடுத்தேன். அந்த நாளில் பஸ்ஸில் இவர் பக்கத்தில் இருந்தால் எனக்கு மிஞ்சுவது அரைச் சீற். இப்போது டு அப்படித்தான் ஒடுங்கி இருக்கிறது. பார்க்கச் சரியாயிருக்கிறது.

மார்ச் 1, சனி

சோதனை. கீறி முடிந்ததும் தனுசியா ஒவ்வொரு மேசையாக வந்து தாளைப் பார்த்து நூற்றுக்கு இவ்வளவு என்று புள்ளி எழுதினாள். என் மேசைக்கு வந்தாள், சிரித்தாள், தாண்டப் போனாள்.

"பிள்ளை, இதுக்கும் புள்ளி போடும். காணாதெண்டால் காணாதெண்டு சொல்லும், நான் வீட்டை போவன். சும்மா இருக்கிறதுக்கு எனக்கு வீட்டிலை கதிரை இருக்கு."

அவளுடைய சிரிப்புப் போய்விட்டது. தாளை ஜன்னலடிக்குக் கொண்டுபோய்த் தலைகீழாகப் பிடித்தாள்.

"ண் திறம். ர் மெலிஞ்சுபோச்சு. உந்த ரண்டு க வும் நடுங்குது."

எழுதினாள். எவ்வளவு என்று காட்டவில்லை. நடுங்குவது என் கை.

மார்ச் 6, வியாழன்

முடிவு போனுக்கு வந்தது. இடமில்லை. காத்திருப்போரில் முதலாம் ஆள்.

மச்சாளுக்குத்தான் கோபம். வயது போன மனிசியைச் சோதனையில் விழுத்துகிறதோ, வாகீசனைக் கொண்டு கதைப்பிப்போம் என்றார். வேண்டாம் என்றேன்.

விழுத்தியிருக்கிறாள். தாளைப் பார்த்துத்தான் விழுத்தியிருக்கிறாள்.

புதுத் தாள் ஒரு கட்டு வாங்கினேன்.

மார்ச் 17, திங்கள்

தெரிவானவர்களில் சுபாஸ்கரன் என்ற பொடியனுக்குப் பிரான்ஸ் விசா சரிவந்துவிட்டதாம். தனுசியா போன் எடுத்தாள். "அம்மா, சனிக்கிழமை எட்டரைக்கு. பிந்தி வந்தால் உள்ளுக்கு விடமாட்டன்."

ஓம் என்றேன்.

மார்ச் 22, சனி

எல்லாருக்கும் ஒரே சொல்: 'வெயில்'. என் தாளில் சிவப்புப் பென்சில் மூன்று இடத்தில். இரண்டு நியாயம். மூன்றாவதைப் பற்றிக் கதைத்துப் பார்த்தேன், தனுசியா ஏற்கவில்லை. மத்தியானம் மற்றவர்கள் சாப்பிட எழும்பினார்கள். எனக்கு யி இன்னும் வரவில்லை. ஷெரோன் ஒரு ரோல்ஸைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து மேசை ஓரத்தில் வைத்து, எண்ணெய் தாளில் படும் அன்ரி, தள்ளி வையுங்கோ என்றாள். தள்ளி வைத்தேன். யி வந்த பிறகு சாப்பிட்டேன். ஆறிப்போயிருந்தது.