அவனா, அவரா

ஆகஸ்ட் 3, 1974. சனி

விடிந்ததிலிருந்து ஆடிக் காற்று. முற்றம் முழுக்க எங்கிருந்தோ பறந்து வந்த பனியன் வெட்டுத் துண்டுகள். துவைத்த சேலையை மறுபடி துவைத்தேன்.

மொழிபெயர்ப்பு, மூன்றாம் அத்தியாயம். எழுதியவள் மேற்கு ஆப்பிரிக்கக்காரி, என்னைவிட இளையவள். பழைய மாணவி ஒருத்தி லண்டனிலிருந்து அனுப்பிய புத்தகம். சந்தையில் கருவாடு விற்பவள் தன் கதையைத் தானே சொல்கிறாள். தனிக் கடை போட்டதற்காகப் புருஷன் அவள் விரல்களை ஒடிக்கிறான். கடைசி அத்தியாயத்தில் அவன்மேல் கொதிக்கும் எண்ணெயை ஊற்றிவிட்டு வெளியேறுகிறாள். நல்ல எழுத்து. எண்ணெயை மட்டும் நம்ப முடியவில்லை. அப்படிச் செய்ய நினைப்பவர்கள் உண்டு. செய்தவர்களை நான் பார்த்ததில்லை. பக்க ஓரத்தில் ‘மிகை’ என்று பென்சிலில் குறித்தேன்.

ஒரு சிக்கல். ஆங்கிலத்தில் அவள் புருஷனைச் சொல்லும் சொல்லில் மரியாதையும் இல்லை, அவமரியாதையும் இல்லை. தமிழில் அவனா, அவரா? ‘அவன்’ என்றே போட்டிருக்கிறேன். ஒரே சுவரைப் பங்கிட்டு வரிசையாக நிற்கும் இந்த லைன் வீடுகளில் எந்தப் பெண்ணும் புருஷனை அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

பக்கத்து வீட்டுச் சரசு தண்ணீருக்கு வந்தாள். மேலுதடு கிழிந்து வீங்கியிருந்தது. என்னவென்று கேட்டேன்.

"கதவு பட்டுடுச்சுங்க டீச்சரம்மா."

நகராமல் நின்றேன். குடம் நிறைந்ததும், "அவுங்க கொஞ்சம் கண்டிச்சுப்போட்டாங்க" என்றாள்.

ஆகஸ்ட் 5. திங்கள்

கல்லூரி. விடைத்தாள்கள். கண் எரிச்சல்.

கோவைப் பத்திரிகை ஆசிரியர் எழுதியிருக்கிறார். முதல் இரண்டு அத்தியாயங்கள் பிடித்தனவாம். கணவனை மனைவியே ‘அவன்’ என்பதைப் பெண் வாசகர்களே பொறுக்கமாட்டார்களாம். ‘அவர்’ ஆக்கித் தரவேண்டுமாம்.

சண்டை போடத் தெம்பில்லை. மாலையில் உட்கார்ந்து மாற்றினேன். "அவர் என் சுட்டுவிரலைப் பிடித்துப் பின்னால் வளைத்தார்." வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன். எலும்பு வைத்தியர் செய்வதுபோல் இருக்கிறது.

வாங்க: மண்ணெண்ணெய், சிவப்பு மை, சீரகம்.

ஆகஸ்ட் 8. வியாழன்

சரசுவின் உதட்டுக்குக் காரணம் இன்று தெரிந்தது. பனியன் கம்பெனியில் தையல்காரர்களுக்குத் துணி மடித்துக் கொடுக்கும் வேலை அவளுக்கு. சாப்பாட்டு நேரத்தில், துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினைக் கற்றுக்கொண்டுவிட்டாள். ஆவணி பிறந்ததும் மெஷினில் உட்கார வைப்பதாக முதலாளி சொல்லியிருக்கிறார். அவள் புருஷன் நாச்சிமுத்து வேறொரு கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர். ஆம்பளைகள் வரிசையில் இவள் உட்காருவதா என்கிறான். மெஷினைத் தொட்டால் கை இருக்காது என்றானாம். இதையும் ‘சொன்னாங்க’ என்றுதான் சொல்கிறாள்.

கருவாட்டுக்காரி கதையைச் சொன்னேன். "அந்தக்கா கடைய மூடிப்போட்டாளுங்களா?" மூடவில்லை என்றேன். எண்ணெயைச் சொல்லவில்லை.

வீட்டுக்கார ருக்மணியம்மாவிடம் பேசிப்பார்த்தேன். நாச்சிமுத்து மாதிரி மரியாதை தெரிந்த பையன் இந்த வீதியில் இல்லையாம். "கல்யாணம் பண்ணாதவங்களுக்கு இதெல்லாம் பெருசாத்தானுங்க தெரியும்."

ஆகஸ்ட் 11. ஞாயிறு

எழுதிவிட வேண்டும்.

மத்தியானம் ரசம் தாளிக்கும்போது நடுச்சுவர் அதிர்ந்தது. சரசுவின் குரல் ஒருமுறை. பிறகு கல்லில் எதையோ நசுக்கும் சத்தம். ஓடினேன். கதவு உள்ளே தாழ். ருக்மணியம்மா பின்னாலேயே வந்து என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டு இரண்டு கையாலும் தட்டினேன்.

நாச்சிமுத்து திறந்தான். கையில் அம்மிக்குழவி. அதில் ரத்தம்.

"ஏனுங்க டீச்சரம்மா, வெயில்ல நிக்கறீங்க. உள்ள வாங்க."

அவன் காலுக்குப் பின்னால் தரையில் சரசு. வலது கை அம்மிமேல். விரல்கள் விரல்களாக இல்லை.

"ஒண்ணுமில்லீங்க. கொஞ்சம் மோர் குடிக்கறீங்..."

பாதியில் நின்றான். தறிகெட்டு அலறினான். சரசு இடது கையால், பக்கத்தில் கிடந்த அவனுடைய கட்டிங் கத்திரியை, அவன் கெண்டைக்காலில் இறக்கியிருந்தாள். பிடுங்கி மறுபடி. குழவி என் காலருகே விழுந்து உருண்டது. அக்குளில் கைகொடுத்து அவளை வாசலுக்கு இழுத்தேன். என் சேலை, படி, கோலம் எல்லாம் சிவப்பு.

ஜட்காவில் ஆஸ்பத்திரி. திரும்பி வந்தபோது அடுப்பு தானே அணைந்திருந்தது. கடுகு கருகிக் கிடந்தது.

ஆகஸ்ட் 12. திங்கள்

விடுப்பு. பெண்கள் வார்டு. சுட்டுவிரலில் பாதியை எடுத்துவிட்டார்கள். நடுவிரல் இனி மடங்காது.

போலீஸ் ஏட்டு வந்தார். ஆண்கள் வார்டில் நாச்சிமுத்துவை விசாரித்துவிட்டாராம். பெண்டாட்டி குத்தினாள் என்று ஊரில் சொல்ல முடியுமா? கத்திரி தவறிப் பட்டுவிட்டது என்கிறானாம். இவளும் அதுபோல ஏதாவது சொன்னால் கேஸ் இல்லை, இருவரும் வீட்டுக்குப் போகலாம்.

சரசு தலையணையிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள்.

"அவன் குழவியில என் கைய நசுக்குனானுங்க. கத்திரியில நாந்தானுங்க குத்துனேன்."

குத்தினேன் என்றால் அவள்மேலும் கேஸ் வரும் என்றார் ஏட்டு.

"வரட்டுங்க."

பார்க்க வந்திருந்த ருக்மணியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். குத்தியதற்கு இல்லை. "கட்டுன புருசனப் போயி அவன்ங்கறாளே!"

ஏட்டு எழுதி வாசித்தார். ‘என் கணவர் என்னைக் கண்டித்தபோது அவர்...’

"அவர்னு நான் சொல்லலீங்க. கண்டிச்சான்னும் சொல்லலீங்க."

ஏட்டு என்னைப் பார்த்தார். "நீங்க படிச்சவங்க. எழுத்துன்னா மரியாதையாத்தானுங்களே எழுதோணும்?"

பத்திரிகை ஆசிரியர் கேட்ட அதே கேள்வி. போன திங்கட்கிழமை இதற்குத் தலையாட்டியிருந்தேன்.

"அவள் சொன்னபடியே எழுதுங்கள்" என்றேன். ‘அவன்’ எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இடது கைப் பெருவிரல் ரேகை.

ஆகஸ்ட் 16. வெள்ளி

காற்று அடங்கவில்லை. சரசு நேற்றிலிருந்து என் வீட்டில். சாதம் பிசைந்து கொடுத்தால் வேண்டாம் என்கிறாள். இடது கையால் சிந்திச் சிந்திச் சாப்பிடுகிறாள்.

மொழிபெயர்ப்பில் எல்லா ‘அவரை’யும் அடித்து ‘அவன்’ ஆக்கியாயிற்று. ‘மிகை’யையும் அழித்தேன். ஆசிரியருக்கு ஒரு வரி: இப்படியே போடுங்கள், இல்லாவிட்டால் திருப்பி அனுப்புங்கள். தபாலில் சேர்த்தேன்.

நாச்சிமுத்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டான். சுவருக்கு அந்தப் பக்கம் இருமுகிறான், தடியூன்றி நடக்கிறான். தூது ருக்மணியம்மா. அவன் மனதில் எதையும் வைத்துக்கொள்ளவில்லையாம். கேஸை வாபஸ் வாங்கிவிட்டு வந்தால் போதுமாம். சமைக்க ஆளில்லையாம். இல்லாவிட்டால் நானும் வேறு வீடு பார்த்துக்கொள்வது நல்லது என்றார், மிகவும் பணிவாக.

சரசு உள்ளிருந்தே சொன்னாள்: "அவன் ஊட்டுக்கு நான் வரலீங்க. திங்கக்கிழமை மெஷினுக்குப் போறேன். ஒத்தக் கையில முடியுமான்னு பாக்கறேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் நின்றது. தடிச் சத்தமும்.

வாங்க: தாழ்ப்பாள். இரும்பில். வாசலுக்கு ஒன்று, பின்கட்டுக்கு ஒன்று. இன்றைக்கே.