துறைமுகப் படகில் உன் அம்மாவுடன்

ஹாம்பர்க்,
14 அக்டோபர் 1986

அன்புள்ள ஹார்ம்,

நான் நலம். உன் அம்மாவும் நலம். ஐந்து நாளாக என்னோடுதான் இருக்கிறார். குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது.

இதை வழக்கம்போல் உன் கப்பல் முகவரிக்கு, ஈக்வடாருக்கு அனுப்பவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

கோடை முழுக்க உன் கடிதங்கள் தவறாமல் வந்தன. ஒன்றுகூட நான் எழுதியதற்குப் பதிலாக இல்லை. என் கை முறிந்ததைப் பற்றி எழுதினேன். கடல் அமைதியாக இருக்கிறது என்று பதில் வந்தது. அங்கே எவளோ இருக்கிறாள் என்று முடிவுகட்டினேன். அவளுக்கு ஒரு பெயர்கூட வைத்திருந்தேன், அதை விடு.

துறைமுகத்தைச் சுற்றிக்காட்டும் படகுக்கு அலுவலகத்தில் இரண்டு சீட்டு கொடுத்தார்கள். ஞாயிறன்று உன் அம்மா முதலில் முழங்கால் வலி என்றார், பிறகு குளிர் என்றார். விடாமல் அழைத்துப் போனேன். படகில் என்னை இடப்பக்கம் உட்காரவே விடவில்லை. வாழைப்பழக் கப்பல்கள் நிற்கும் துறை நெருங்கியதும் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

"அங்க என்ன இருக்கு? இந்தப் பக்கம் பாரு வீப்கே, எத்தனை நாரைன்னு."

அங்கே ஒரு நாரையும் இல்லை. படகோட்டி ஒலிபெருக்கியில் வழக்கம்போல் அளந்துகொண்டிருந்தான்: "வாழைப்பழம் நேராத்தாங்க வருது. இங்க இறக்கினப்புறம் நாங்கதான் வளைக்கிறோம்." எல்லோரும் சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். நாங்கள் உன் கப்பலை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தோம். பின்புறத்தில் பெயர், ஆள் உயர எழுத்தில். கிறிஸ்துமஸ் வரை இந்தப் பக்கம் வராது என்று நீ எழுதிய அதே கப்பல்.

 உன் அம்மாவிடம் கேட்காமல், நானே விசாரிப்பது என்று முடிவுசெய்தேன்.

நேற்று விடுப்பு எடுத்துக்கொண்டு துறை வாசலுக்குப் போய் உன் பெயரைச் சொல்லிக் கேட்டேன். உன்னோடு கப்பலில் வேலை பார்த்த டெட்லெஃப் வந்தார். என்னைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"ஹார்ம் ஏப்ரல்லயே இறங்கிட்டாரும்மா. கண் பரிசோதனையில தேறல. இனிமே கப்பல்ல வேலை இல்லைன்னுட்டாங்க. உங்ககிட்ட சொல்ல அவருக்கு வாய் வரல."

பிறகு சட்டைப்பையிலிருந்து மூன்று உறைகளை எடுத்துக் கொடுத்தார். உன் கையெழுத்து. நவம்பர் வரைக்கும் எழுதி வைத்திருக்கிறாய்.

"அங்க ஈக்வடார்ல இருந்து மாசத்துக்கு ரெண்டா தபால்ல போடச் சொன்னாரு. மிச்சத்தை நீங்களே வச்சுக்கங்க. என்னால முடியல."

வீட்டுக்கு வந்து உறைகளை மேசைமேல் வைத்தேன். உன் அம்மா அழுதுவிட்டார். ஏப்ரலிலிருந்து குக்ஸ்ஹாஃபனில் அவர் வீட்டு மாடியறையில் இருக்கிறாயாம். இரண்டு மணிநேர ரயில் தூரம், ஹார்ம். நான் அங்கே வருகிறேன் என்ற போதெல்லாம் வீட்டில் வண்ணம் அடிக்கிறார்கள் என்று சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. உன்மேல் இருப்பதை இங்கே எழுத இடம் போதாது.

நாளை காலை அவர் ஊருக்குத் திரும்புகிறார். இதை அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

சனிக்கிழமை மதிய வண்டியில் வா. உனக்கு எவ்வளவு தூரம் பார்வை தெரிகிறது என்று எனக்குத் தெரியாது. நீ இறங்கி, ரயில்பெட்டியின் வாசலருகிலேயே நில். தேட வேண்டாம். நான் வந்து கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

உன்
வீப்கே